துணை டிராஃப்டில் வந்தவள்

பந்து காலுக்கு வந்ததும் அந்தப் பெண் எதையோ மறந்துவிட்டவள் போல ஒரு கணம் நின்றாள். தடுக்க வந்தவள் வலது காலில் எடையைப் போட்டுச் சாய்ந்தாள். அவ்வளவுதான். அந்த வலது காலை ஒட்டியே பந்தைத் தள்ளிக்கொண்டு அவள் போய்விட்டாள். அடுத்து வந்தவளுக்கும் அதே கதி. மூன்றாமவள் தானாகவே தடுமாறி உட்கார்ந்தபோது, ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரெஜினா எழுந்து நின்றுவிட்டாள். எழுந்தது பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ரெஜினா வங்கக்கடல் மகளிர் அணிக்கு ஆள் பார்ப்பவள். ஒரு காலத்தில் அவளும் ஆடியவள்தான். முழங்கால் போன பிறகு, அடுத்தவர்கள் ஆடுவதைப் பார்த்துச் சொல்வது அவள் வேலையாகிவிட்டது. அன்று அவள் பார்க்க வந்திருந்தது துணை டிராஃப்டுக்கு வந்தவர்களை.

மகளிர் கால்பந்து லீக்கில் மே மாதம் பெரிய டிராஃப்ட் நடக்கும். அணிகள் முறை வைத்துப் புதுமுகங்களை எடுத்துக்கொள்ளும். காயத்தாலோ தடையாலோ வழக்காலோ அதைத் தவறவிட்டவர்களுக்கு ஆகஸ்டில் துணை டிராஃப்ட். அதில் ஒருத்தியை எடுக்கும் அணி, அடுத்த மே மாதம் தன் முதல் முறையை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். கைக்கு வருவது குறையுள்ள சரக்கு, கொடுப்பது நல்ல வாய்ப்பு. அதனால் பல ஆண்டுகளில் துணை டிராஃப்டில் யாரையுமே எடுக்கமாட்டார்கள். வந்த பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புவார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ரெஜினா அந்தப் பெண்ணிடம் போனாள். பெயர் செங்கொடி. ஊர் வியாசர்பாடி. விளையாட்டு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவள்.

"விடுதியில என்ன தகராறு?"

"வார்டனை அடிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"கூட இருந்த பொண்ணுக்கு ஜுரம்க்கா. அனத்திக்கினு கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்கன்னா, மேட்ச் முடியட்டும்னு சொல்றாங்க. சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அப்புறம் கை போயிடுச்சு."

"இப்போ வருத்தமா இருக்கா?"

செங்கொடி யோசித்தாள். "அடிச்சதுக்கு இல்லக்கா. டிராஃப்ட் போச்சேன்னு இருக்கு."

விசாரணையில் அவள் மேல் தப்பில்லை என்று தீர்ந்தபோது மே மாதம் கடந்திருந்தது. அதனால்தான் இங்கே வந்து நிற்கிறாள். ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு தன் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

துணை டிராஃப்டுக்கு வரும் எல்லோருக்கும் இயக்கப் பதிவு கட்டாயம். உடலோடு ஒட்டிய உடுப்பைப் போட்டுக்கொண்டு, சுற்றிலும் கேமராக்கள் வைத்த கூடத்தில் நாள் முழுக்க ஆட வேண்டும். உடம்பு எப்படி நகர்கிறது என்பதோடு, எதைப் பார்த்து எந்த முடிவை எடுக்கிறது என்பதையும் கணினி பிடித்துவைத்துக்கொள்ளும். அதிலிருந்து ஒரு பிரதி உருவாகும். மருத்துவர்கள் அதை வைத்து எலும்பு, தசை, மூட்டு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். பிறகு அது அவளை எடுக்கும் அணிக்கே சொந்தம். ஆட்டக்காரர்கள் அதை 'நிழல்' என்பார்கள். செங்கொடி அந்த உடுப்பில் சந்தோஷமாக ஆடினாள். யாரோ தன்னை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

அணியின் இயக்குநர் சத்தியசீலனிடம் ரெஜினா மணிக்கணக்கில் வாதாடினாள். அவர் மென்மையாகப் பேசுகிறவர். எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பார்.

"ரெஜினா, முதல் முறையை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு இந்தப் பொண்ணு வொர்த்தா?"

"சார், இருபது வருஷமா பாக்கறேன். இப்படி ஒருத்தியைப் பாத்ததில்லை. எதிர்ல நிக்கிறவ எடை எந்தக் கால்ல இருக்குன்னு இவளுக்குத் தெரியுது. சொல்லிக்கொடுத்து வர்றதில்ல அது."

"இவளைத் தடுக்க ஒருத்தருக்குக் கத்துக்கொடுக்க முடியுமா?"

கேள்வி கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததே என்று ரெஜினா முந்திக்கொண்டாள். "முடியாது சார். தினம் இவளோட மோதினாத்தான் உண்டு. அதுக்கு இவ நம்மகிட்ட இருக்கணும்."

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றார் சத்தியசீலன்.

டிராஃப்ட் அன்று வங்கக்கடல் அணி செங்கொடியின் பெயரைச் சொன்னது. மற்ற மேசைகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வியாசர்பாடியில் தெருவே வெடி வெடித்தது. செங்கொடியின் அப்பா ஞானமுத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ரெஜினாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணு கோவக்காரின்னு எல்லாரும் கைவிட்டுட்டாங்கம்மா. நீ ஒருத்திதான் அவ கால்ல என்னா கீதுன்னு பாத்த" என்றார். ரெஜினா அவர்கள் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கான பட்டியலில் செங்கொடி இல்லை. புதுப்பெண், பழகட்டும் என்று ரெஜினா நினைத்தாள். இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை என்றானதும் சத்தியசீலனின் அறைக்குப் போனாள்.

"அவ ஆடமாட்டா, ரெஜினா" என்றார் அவர். "அவ ஆடுறதுக்காக நாம எடுக்கலை."

ரெஜினாவுக்கு விளங்கவில்லை.

"வாங்க, காட்டறேன்."

அணியின் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். பாதி மைதானம் அளவுக்குக் கூரை போட்ட இடம். தடுப்பாட்டக்காரிகள் அறுவர் கண்ணாடியும், மோதினால் மார்பில் அழுத்தம் தரும் உடுப்பும் அணிந்து நின்றிருந்தார்கள். சத்தியசீலன் ஒரு கண்ணாடியை நீட்டினார். போட்டுக்கொண்டதும் ரெஜினா அவளைப் பார்த்தாள். மங்கலான நீல வெளிச்சத்தில் செங்கொடி. முகம் இல்லை. ஆனால் அந்த நிற்றல், எதையோ மறந்துவிட்டது போன்ற அந்த ஒரு கணம், அப்படியே இருந்தது. நிழல் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனது. விழுந்தவர்கள் எழுந்து மறுபடி நின்றார்கள். நிழல் மறுபடி வந்தது. அதற்கு மூச்சு வாங்கவில்லை.

"இவளை நிறுத்தத் தெரிஞ்சா லீக்குல யாரை வேணும்னாலும் நிறுத்தலாம்" என்றார் சத்தியசீலன். "ஒரு பொண்ணு ஆடினா ஒரு பொண்ணுதான். காயம் படும், கோவம் வரும், யாரையாவது அடிக்கும். நிழல் அறுவரையும் தினமும் வளர்க்குது."

"சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும். அவளும் ஆடட்டுமே சார்."

"எங்கே? டிவியிலயா? ரெண்டு மேட்ச் ஆடினா போதும், அந்த வீடியோவை வச்சு எல்லா அணியும் அவளுக்கு நிழல் செஞ்சிடுவாங்க. அப்புறம் நாம முதல் முறையை எதுக்கு விட்டுக்கொடுத்தோம்? தெருவுலகூட ஆடக் கூடாது. இப்பல்லாம் யார் கையில கேமரா இல்லை? ஒப்பந்தத்துல எல்லாம் தெளிவா இருக்கு. சம்பளம் மாசா மாசம் போகும்."

"அவ ஆட்டக்காரி சார்."

"தெரியும். நீங்கதான் எனக்குப் புரிய வச்சீங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னார். அதுதான் ரெஜினாவுக்குத் தாங்கவில்லை.

செங்கொடியிடம் அவளே போய்ச் சொன்னாள். வேறு யார் வாயாலும் அந்தப் பெண் அதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். செங்கொடி கத்துவாள், எதையாவது தூக்கி வீசுவாள் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு அவள் அமைதி பயமாக இருந்தது.

"அப்போ நான் இன்னா பண்றது, அக்கா?"

"உடம்பைப் பாத்துக்கோ. ஓடு. எப்படியும் ஒருநாள் ஆட விடுவாங்க."

"பந்து?"

ரெஜினா வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெருப் பிள்ளைகள் ஆடும் மைதானம் தெரியும். சாயங்காலமானால் செங்கொடி மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். ஆரம்பத்தில் கீழே இருந்து கூப்பிட்டார்கள். பிறகு, பெரிய அணிக்குப் போனதும் இவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசினார்கள். இவளும் மறுக்கவில்லை. காரணத்தை வெளியே சொல்லவும் ஒப்பந்தத்தில் இடமில்லை. ஞானமுத்து மட்டும் ஒருமுறை ரெஜினாவுக்குப் போன் செய்தார். "வூட்டுக்குள்ள பந்தை வச்சுக்கினு செவுத்தைப் பாத்து ஆடுறாம்மா. சாப்பிடக் கூப்பிட்டா வர்றதில்ல. நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லேன்" என்றார்.

ரெஜினா போனாள். செங்கொடி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உள்ளே நான் நல்லா ஆடுறேனாக்கா?"

"நல்லா ஆடறே."

"யாராச்சும் நிறுத்தினாங்களா?"

"இல்லை" என்றாள் ரெஜினா. அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

சத்தியசீலனிடம் ரெஜினா கெஞ்சிப் பார்த்தாள். ஒருநாள் ராஜினாமா செய்யப்போவதாகவும் சொன்னாள். அவர் தடுக்கவில்லை. ஆனால் எங்கே போவது? எல்லா அணிகளும் அதுபோன்ற கூடங்களைக் கட்டிக்கொண்டிருந்தன. ஆட்டக்காரிகளைத் தேடிய காலம் போய், நிழலுக்கு ஆள் தேடும் காலம் வந்திருந்தது. அவள் கண்ணுக்கு எங்கும் வேலை இருந்தது. அந்த ஒரே வேலைதான் இருந்தது. அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

அந்த ஆண்டு வங்கக்கடல் அணியின் தடுப்பை எவராலும் உடைக்க முடியவில்லை. கோப்பை அவர்களுக்குத்தான். தடுப்பாட்டக்காரிகளில் குமரிப் பக்கம் தூத்தூர்க் கடற்கரையிலிருந்து வந்த ஆக்னஸை எல்லோரும் புகழ்ந்தார்கள். பந்து எங்கே போகும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிகிறது என்று பேசினார்கள்.

அடுத்த சீசனுக்கு முன் சத்தியசீலன் ரெஜினாவைக் கூப்பிட்டார். "செங்கொடியை விட்டுடலாம்னு இருக்கோம். இனி அவ எங்கே வேணும்னாலும் ஆடலாம்."

ரெஜினாவால் நம்ப முடியவில்லை. காரணம் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம். கோவையின் நொய்யல் அணியில் அவளுக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். அவரிடம் பேசி, செங்கொடியை அழைத்துப்போய், அவள் ஆடுவதைக் காட்டினாள். பந்தைத் தொட்ட முதல் நிமிடத்திலேயே அவர் சம்மதித்துவிட்டார். திரும்பும்போது ரயிலில் செங்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். ஒரு வருஷத்துப் பேச்சு அவளுக்குள் இருந்தது.

நொய்யல் அணிக்கு அவள் ஆடிய முதல் சில ஆட்டங்கள் கொண்டாட்டமாக இருந்தன. சின்ன அணிகளின் தடுப்பை அவள் கந்தலாக்கினாள். பத்திரிகைகள் அவள் படத்தைப் போட்டன. பிறகு அவர்கள் வங்கக்கடல் அணியோடு ஆட சென்னைக்கு வந்தார்கள்.

ஞானமுத்து தெருவில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். செங்கொடிக்கு முதல் பந்து இடது ஓரத்தில் கிடைத்தது. எதிரே ஆக்னஸ். செங்கொடி ஒரு கணம் நின்றாள். ஆக்னஸ் சாயவில்லை. எடை இரண்டு காலிலும் இருந்தது. செங்கொடி நகர்ந்தபோது ஆக்னஸின் கால் அங்கே ஏற்கெனவே இருந்தது. பந்து போயிற்று.

இரண்டாவது தடவை மறுபக்கம் முயன்றாள். ஆக்னஸ் அங்கேயும் இருந்தாள். பின்னால் போய், நடுவில் போய், வேகத்தைக் குறைத்து, கூட்டி, என்னென்னவோ செய்து பார்த்தாள். குழந்தையின் கையிலிருந்து பொம்மையை வாங்குவது போலப் பந்தை வாங்கிக்கொண்டார்கள். முரட்டுத்தனமாக ஒருத்திகூட மோதவில்லை. மோதவேண்டிய தேவையே இல்லை. இரண்டாம் பாதியில் கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. பயிற்சியாளர் அவளை வெளியே எடுத்துவிட்டார்.

ரெஜினா அவளை உடை மாற்றும் அறைக்கு வெளியே பார்த்தாள். அழுதிருந்தாள். ஆனால் முகத்தைக் கழுவிவிட்டிருந்தாள்.

"அவங்களுக்கு என்னைத் தெரியும்க்கா" என்றாள். "ஒரு வருஷமா உள்ள என்னை வச்சுக்கினு கத்துக்கினாங்க. அதான் இப்போ என்னை வுட்டுட்டாங்க. அவங்களுக்கு இனிமே நான் எதுக்கு?"

ரெஜினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் கேட்கத் துணியாத காரணத்தை அந்தப் பெண் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ எதுக்கு அழுவுற?" என்றாள் செங்கொடி. "அவங்க கத்துக்கினது பழைய ஆட்டம். நான் இன்னா, அதோட முடிஞ்சுட்டேனா? புதுசா போடுறேன் பாரு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ரெஜினா பல வாரங்களை ஓட்டினாள். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கோவைக்குப் போனாள். ஒருநாள் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு செங்கொடி அவளைத் தடுப்பாட்டக்காரி இடத்தில் நிற்கச் சொன்னாள். பந்தோடு நேரே வந்தாள். அருகில் வந்ததும் பந்தை அப்படியே விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடினாள். ரெஜினாவின் உடம்பு அவளோடு திரும்பியது. அதற்குள் செங்கொடியின் குதிகால் பின்னால் வந்து பந்தைத் தொட்டு, ரெஜினாவின் மறுபக்கமாக உருட்டிவிட்டிருந்தது. ஒருமுறை, இன்னொருமுறை, தெரிந்து நின்றபோதும் ரெஜினா ஏமாந்தாள். கடைசியில் புல்லில் உட்கார்ந்து சிரித்தாள்.

"இது யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லக்கா. தானா வந்துச்சு. இன்னும் எவளுக்கும் தெரியாது. அந்தக் கண்ணாடிக்காரிங்களுக்கு வச்சிருக்கேன்."

இரண்டு அணிகளும் அடுத்து மோதியது கோவையில். வங்கக்கடல் அணியோடு ரெஜினாவும் போயிருந்தாள். ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்குள் இறங்கும் வழியில் ஆக்னஸ் உட்கார்ந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். ரெஜினாவுக்கு எப்போதும் அவளைப் பிடிக்கும். போகிற போக்கில், கேட்பது போலவும் கேட்காதது போலவும் கேட்டாள். "ஒருத்தி பந்தை விட்டுட்டு ஓடினா நீ என்ன பண்ணுவே?"

ஆக்னஸ் நிமிர்ந்து பார்த்தாள். "குதிகாலுல எடுப்பாளே, அதா?"

தாண்டிப் போன ரெஜினா திரும்பி வந்தாள்.

"அது போன மழைக்காலத்துல வந்ததுல்லாக்கா. எங்களை ரொம்ப நாளு பாடாப் படுத்திச்சு. பந்தையே பாத்துட்டு நிக்கணும், அவளைப் பாக்கப்பிடாது. அம்புட்டுதான்."

"அவ அதை ஆடினதே இல்லையே, ஆக்னஸ். பதிவுலகூட அது கிடையாது. போன வாரம்தான் கண்டுபிடிச்சா."

"நிழலு கண்டுபிடிச்சது, எக்கா." ஆக்னஸ் நாடாவை முடிச்சுப் போட்டாள். "நாங்க ஒண்ணை நிறுத்தினா அது வேற ஒண்ணைக் கொண்டு வரும். அவளா இருந்தா என்ன செய்வாளோ அதைத்தானே செய்யும்? சார் அதுக்கு வயசும் ஏத்திவிட்டாங்க. இருபத்தஞ்சு ஆச்சு, முப்பது ஆச்சு. ஓட்டம் குறைஞ்சுது. ஓட்டம் குறைஞ்சப்ப நடுவுல வந்து பாஸ் கொடுக்க ஆரம்பிச்சா. எக்கா, அது என்ன அழகு தெரியுமா? அதையும் நிறுத்தினோம். கடைசியில அவளுக்க காலு வரல்ல. மெதுவாத்தான் ஆடினா. ஆனாலும் விடல்ல, நின்னு ஆடினா."

அவள் குரல் தணிந்தது.

"அது ஆட்டத்தை முடிச்ச அண்ணைக்கு நாங்க எல்லாரும் எழும்பி நின்னு கை தட்டினோம். எனக்கு அழுகை வந்திட்டு. நேருல பாத்தப்ப அவகிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. என்னத்தைச் சொல்ல? அவளுக்கு இப்பந்தானே இருபத்தொண்ணு."

நடுவர் அழைத்தார். ஆக்னஸ் எழுந்து ரெஜினாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ரெஜினா கம்பியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. இடது ஓரத்தில் செங்கொடி துள்ளித் துள்ளிக் காலைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். ரெஜினாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பாத்துக்கினே இரு, அக்கா!" என்று கத்தினாள்.

ரெஜினா கையை உயர்த்திக் காட்டினாள். விசில் ஊதியது. பந்து இரண்டு மூன்று கால்கள் மாறி இடது ஓரத்துக்குப் போயிற்று. செங்கொடி அதை வாங்கிக்கொண்டு ஆக்னஸை நோக்கி நேராக வந்தாள். ஆக்னஸ் தலையைக் குனிந்து, பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.